டீசலில் எரியும் ஹேவ்லாக் விளக்குகள்: மாணவர்கள் கைக்கு வருமா சூரிய மின்சாரம்?

புதுதில்லி: டிசம்பர் மாதத்தில் புதுச்சேரிக் கடற்கரையில் சூரியன் மறையும்போது மணி ஏறத்தாழ 5.45. அதே அட்சரேகையில், வங்கக் கடலுக்கு அப்பால் 1,400 கி.மீ. கிழக்கே இருக்கும் ஹேவ்லாக் தீவில் அந்நேரம் நன்றாக இருட்டிவிட்டிருக்கும். அங்கு மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டினாலும் சூரியன் தனக்குரிய நேரத்தில்தான் போகிறான்.

இதனால், பள்ளிவிட்டு வீடு திரும்பிப் புத்தகத்தைத் திறக்கும் ஹேவ்லாக் மாணவனுக்குத் தமிழகத்து மாணவனைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே விளக்கு தேவைப்படுகிறது. அந்த விளக்கு எரிவதற்கான டீசல், இந்தியப் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வரவேண்டும்.

கல்வி நிலையங்களைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற்றும் பணியில் மாணவர்களே ஈடுபட்ட முன்னுதாரணங்கள் உலகில் பல உண்டு, இந்தியாவிலும் உண்டு. அவற்றில் மிகச் சிறந்த ஒன்று லடாக்கில் இருக்கிறது. அந்தமானைப் போலவே சட்டப்பேரவை இல்லாத, அந்தமானைப் போலவே மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினரை மட்டும் பெற்ற யூனியன் பிரதேசம் அது. லடாக்கின் மலைச்சரிவில் நடந்தது ஹேவ்லாக்கின் தென்னந்தோப்பில் ஏன் நடக்கக்கூடாது என்ற கேள்வியைத் தில்லியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கப்பலில் வரும் மின்சாரம்:

அந்தமான் நிகோபார் தீவுகள் நாட்டின் மின்தொகுப்போடு இணைக்கப்படவில்லை. ஒவ்வொரு பெரிய தீவுக்கும் தனித்தனி மின்நிலையம். பெரும்பாலானவற்றில் டீசல் இயந்திரங்களே மின்சாரம் தயாரிக்கின்றன. வடக்கு அந்தமானில் கல்போங் ஆற்றில் 2001-ல் அமைந்த 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் மட்டும் இதற்கு நீண்டகால விதிவிலக்கு.

ஒரு லிட்டர் டீசலில் இத்தகைய இயந்திரங்கள் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் தரும். டீசல் விலை லிட்டருக்கு 70 முதல் 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தாண்டிவிடும். கப்பல் கூலி, இயந்திரத் தேய்மானம், ஊழியர் சம்பளம், கம்பியில் ஏற்படும் இழப்பு எல்லாம் இதற்குமேல். நுகர்வோரிடம் வசூலாவதோ இதில் ஒரு பகுதிதான். மீதியை மத்திய அரசின் கருவூலம் ஏற்கிறது.

மின்சார வாரியத்தின் நஷ்டக் கணக்கைப் படித்துப் பழகிய தமிழக வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழகத்தில் மின்கட்டணம் உயர்ந்தால் சட்டப்பேரவையில் வெளிநடப்பு நடக்கும். அந்தமானில் சட்டப்பேரவையே இல்லை. உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் வரும் அந்தப் பிரதேசத்தின் மானியக் கோரிக்கை, பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில், விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாத மற்ற கோரிக்கைகளோடு சேர்ந்து 'கில்லட்டின்' முறையில் சில நிமிஷங்களில் நிறைவேறிவிடுவது வழக்கம். பத்திரிகையாளர் மாடத்தில் அந்நேரம் எத்தனை பேர் அமர்ந்திருப்பார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

1967-ல்தான் அந்தமான் மக்கள் முதன்முறையாகத் தங்கள் மக்களவை உறுப்பினரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். கே.ஆர். கணேஷ் அப்போது வெற்றிபெற்றார். அதற்கு முன் நியமன உறுப்பினர்தான். இன்றும் அந்த ஒற்றைக் குரல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் வாழ்வோரில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

பெயர் மாறிய தீவு:

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது ஹேவ்லாக். 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. பக்கத்துத் தீவான நீலுக்கு, அதே கிளர்ச்சியில் கொடுமைகளுக்குப் பேர்போன ஜேம்ஸ் நீலின் பெயர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற இந்த நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்ததும், 1937-ல் ராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியதும் தமிழகம் அறிந்த வரலாறு. சிலையை அகற்றப் பத்தாண்டு ஆயிற்று. தீவின் பெயரை மாற்ற அதன்பின் மேலும் 81 ஆண்டுகள் ஆயின.

2018 டிசம்பர் 30-ல் ஹேவ்லாக் 'சுவராஜ் தீவு' என்றும், நீல் 'ஷாஹீத் தீவு' என்றும் பெயர் மாற்றப்பட்டன. 1943-ல் அந்தமானுக்கும் நிகோபாருக்கும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சூட்டிய பெயர்கள் இவை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஆனாலும் பயணிகளும் படகுக்காரர்களும் ஹேவ்லாக் என்று சொல்வதை நிறுத்திவிடவில்லை.

தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் 1950-களில் இங்கு குடியமர்த்தப்பட்டனர். கோவிந்த நகர், விஜய் நகர், ஷியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று ஐந்து கிராமங்கள். நெல், தென்னை, பாக்கு என்று இருந்த வாழ்க்கையைச் சுற்றுலா மாற்றியது. 2004-ல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் ராதா நகர் கடற்கரையை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று எழுதிய பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. 2011-ல் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த தீவில் விடுதிகளும் குளிர்சாதன அறைகளும் பெருகின.

மின்தேவை பெருகியது; எனவே டீசலும் பெருகியது. மின்சாரம் நின்றால் விடுதிகள் தங்கள் சொந்த ஜெனரேட்டரை முடுக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு சிறிய முரண்பாட்டையும் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இழுக்கப்பட்ட சுமார் 2,300 கி.மீ. நீளக் கண்ணாடி இழைத் தொடர்பு 2020 ஆகஸ்டு 10-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அது சென்று சேரும் தீவுகளில் ஹேவ்லாக்கும் ஒன்று. இணையவழிப் பாடம் இன்று அங்கு சாத்தியம். கம்பிவழியே பாடம் சென்னையிலிருந்து வரும். அதைக் காட்டும் கணினிக்கான மின்சாரம் கப்பலிலிருந்து வரும்.

நெய்வேலி காட்டிய வழி:

தீவுகளில் சூரிய மின்சாரம் முயலப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய அனல் மின் கழகம் தெற்கு அந்தமானில் காராசர்மாவில் 5 மெகாவாட் நிலையத்தை அமைத்தது. அதையடுத்து வந்தது நம்மவர் நிறுவனம். பழுப்பு நிலக்கரியை வெட்டியே பெயர்பெற்ற நெய்வேலி என்.எல்.சி., தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட் மணி மின்கலத் தொகுப்போடு அமைத்தது. அதன் முதல் பகுதி 2018-லும் எஞ்சியது 2020-லும் செயல்பாட்டுக்கு வந்தன.

மின்கலம் எதற்கு என்ற கேள்வி எழலாம். தமிழகத்தில் ஒரு சூரிய மின்நிலையத்தின்மேல் மேகம் கடந்தால், கயத்தாற்றுக் காற்றாலையோ மேட்டூர் அனல்மின் நிலையமோ அந்தக் குறையை நிரப்பிவிடும்; யாருக்கும் தெரியாது. சிறிய தீவில் நிலைமை வேறு. மேகம் மறைத்த சில விநாடிகளில் உற்பத்தி சரியும். அதை ஈடுகட்ட டீசல் இயந்திரம் எப்போதும் குறைந்த சுமையில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். குறைந்த சுமையில் ஓடும் இயந்திரம் எண்ணெயை வீணாக்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் மின்கலம். லட்சத்தீவின் கவரட்டியிலும் 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையம் இதேபோல மின்கலத்தோடுதான் அமைக்கப்பட்டது.

ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை, தகட்டின் சட்டத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும் உப்புக் காற்று, நிலப்பரப்பில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட வனம் என்று தடைகள் பல. ஹேவ்லாக் போன்ற தீவில் மரத்தை வெட்டிச் சூரிய மின்நிலையம் அமைப்பது, மூக்கை அறுத்துச் சகுனம் பார்ப்பதற்குச் சமம். ஆகவே கூரைகள்தான் வழி. தீவில் பெரிய கூரை உள்ள பொதுக் கட்டடங்கள் எவை என்று பார்த்தால், பள்ளிக்கூடமே முதலில் கண்ணில் படும்.

தகடு பொருத்துவது பெரிய காரியமல்ல. டெண்டர் விட்டால் யாராவது வந்து பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் ஆண்டில் இன்வெர்ட்டர் பழுதானால் யார் பார்ப்பது? நாடெங்கும் அரசுக் கட்டடங்களின் மொட்டை மாடிகளில் தூசிபடிந்து செத்துக் கிடக்கும் சூரியத் தகடுகளுக்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. அவற்றைத் தன்னுடையது என்று கருத அங்கு ஆள் இல்லை என்பதுதான். பெருநிலத்திலிருந்து ஒரு மெக்கானிக் விமானத்திலும் படகிலும் வந்துசேர வேண்டிய ஹேவ்லாக்கில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

லடாக்கின் 'தோல்வியுற்ற' மாணவர்கள்:

இதற்கு விடை கண்ட இடம் லே நகருக்கு அருகே சிந்து நதிக்கரையில் உள்ள ஃபே கிராமம். சோனம் வாங்சுக்கும் அவரது நண்பர்களும் 1988-ல் தொடங்கிய 'செக்மால்' என்ற மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கத்தின் வளாகம் அங்கு உள்ளது. அந்நாள்களில் லடாக்கில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் தோல்வியடைந்து வந்தனர். மற்ற கல்லூரிகள் மதிப்பெண் கேட்டபோது, இந்த வளாகம் தேர்வில் தவறியவர்களுக்கு முன்னுரிமை தந்தது.

மண்ணால் கட்டிய சுவர்கள், தெற்கு நோக்கிய கண்ணாடிகள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி குளிர் அடிக்கும்போதும் உள்ளே விறகோ கரியோ எரிக்காமல் இருக்கமுடிகிறது. விளக்கு, கணினி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் சூரிய மின்சாரத்தில். சமையலிலும் பகுதி சூரிய வெப்பத்தில்.

கட்டடத்தைவிடக் கவனத்துக்குரியது நிர்வாகம். வளாகத்தை மாணவர்களே நடத்துகின்றனர். தோட்டம், மாடு, சமையல், கணக்கு ஆகியவற்றைப் போலவே மின்கலமும் தகடும் ஒரு பொறுப்பு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பொறுப்புகள் கைமாறும். பொறுப்பேற்ற மாணவன் மின்கலத்தின் நிலையைப் பார்த்து, இன்றிரவு எவ்வளவு மின்சாரம் செலவிடலாம் என்பதைச் சொல்லவேண்டும். மேகமூட்டமான நாளில் 'படம் பார்க்க முடியாது' என்று சக மாணவர்களிடம் அறிவிக்கும் வேலையும் அவனுடையதே. ஓம் விதியைக் கரும்பலகையில் படித்துத் தேறாதவர்கள் அதை மின்கலத்தில் கற்றுக்கொண்டனர்.

இந்த வளாகத்தின் கதை அரசியலிலிருந்து தப்பவில்லை. லடாக்குக்கு மாநில அந்தஸ்தும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கோரிய போராட்டம் 2025 செப்டம்பர் 24-ல் லேயில் வன்முறையாக மாறி நால்வர் உயிரிழந்தனர். அடுத்த இரு நாள்களுக்குள் செக்மாலின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் ரத்தாயிற்று; வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். அந்தப் போராட்டம் பற்றிய கருத்து யாருக்கு எப்படி இருந்தாலும், மாணவர்கள் ஒரு மின்நிலையத்தை நடத்த முடியும் என்பதை அந்த வளாகம் பல ஆண்டுகளாக நிரூபித்திருக்கிறது. அதை யாரும் ரத்து செய்ய முடியாது.

ராஜஸ்தானில் திலோனியா கிராமத்து 'வெறுங்கால் கல்லூரி'யும் இதே பாதையில் நடந்தது. 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய அமைப்பு அது. வளாகம் முழுவதற்கும் சூரிய மின்சாரம் அளித்த அமைப்பை நிறுவியவர் தொடக்கக் கல்வி மட்டுமே பெற்ற ஒரு கோயில் பூசாரி என்று ராய் பெருமையோடு சொல்வதுண்டு. பின்னர் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் ஆப்பிரிக்காவிலிருந்துகூட வந்து சூரிய மின்பொறியாளர்களாகத் திரும்பினர். மும்பை ஐஐடி 2014-ல் தொடங்கிய திட்டத்தில் 10 லட்சம் பள்ளிக் குழந்தைகளுக்குச் சூரிய விளக்குகள் சென்றன. அவற்றை உள்ளூர் மக்களே பூட்டினார்கள், பழுதையும் அவர்களே பார்த்தார்கள். அந்த முயற்சியின் பின்னணியில் இருந்த பேராசிரியர் சேதன் சோலங்கி பின்னர் தொடங்கிய இயக்கத்துக்கு 'எரிசக்தி சுவராஜ்' என்று பெயர். சுவராஜ் தீவில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருத்தம் உண்டு.

டென்மார்க்கின் பள்ளிக் காற்றாலை:

மாணவர் முயற்சி என்றால் நாலு விளக்கும் ஒரு மின்விசிறியும்தான் என்று எண்ணுவோர் டென்மார்க்கின் மேற்குக் கரையில் உல்ஃபோர்க் அருகே உள்ள ட்விண்ட் பள்ளிகளின் கதையை அறியவேண்டும். 1973 எண்ணெய் நெருக்கடி அந்த நாட்டை உலுக்கியிருந்தது. அரசு அணுமின் நிலையங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அப்போது ட்விண்டின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைப் பொதுவில் போட்டு, மாணவர்களோடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து 1975-ல் ஒரு காற்றாலையைக் கட்டத் தொடங்கினர்.

மூன்றாண்டு உழைப்புக்குப் பின் 1978 மார்ச்சில் அது சுழன்றது. 54 மீட்டர் விட்டம். அன்று உலகிலேயே மிகப் பெரிய காற்றாலை அதுவே. இறக்கைகளைக் கண்ணாடி இழையில் அவர்களே வார்த்தார்கள். அந்த அனுபவம் பிற்கால டேனிஷ் காற்றாலைத் தொழிலுக்கு விதையாயிற்று. 1985-ல் டென்மார்க் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் தன் திட்டத்திலிருந்தே நீக்கியது. ட்விண்ட் அமைப்பின் தலைமை பிற்காலத்தில் நிதி மோசடி வழக்குகளில் சிக்கியது வேறு கதை. காற்றாலை நின்றுவிடவில்லை.

அதே நாட்டின் சாம்சோ தீவு ஏறக்குறைய ஹேவ்லாக்கின் அளவே உடையது. மக்கள்தொகை அதைவிடக் குறைவு. 1997-ல் அரசு நடத்திய போட்டியில் வென்ற அத்தீவு, பத்தாண்டுக்குள் தன் தேவைக்கு மேலாகக் காற்றில் மின்சாரம் தயாரித்தது. ஆனால் சாம்சோவுக்குப் பெருநிலத்தோடு மின்கம்பி இணைப்பு உண்டு; காற்றில்லாத நாளில் வாங்கலாம், உபரியை விற்கலாம். ஹேவ்லாக்குக்கு அந்த வசதி இல்லை. ஒப்பிடுவோர் இதை மறைக்கக்கூடாது.

வங்காளத்தின் கங்கா சாகர் தீவில் இன்னொரு பாடம் உண்டு. 1996-ல் கமல்பூரில் 26 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்து, கிராமக் கூட்டுறவிடம் பொறுப்பை விட்டனர். அது வெற்றிபெற்று மேலும் பல ஊர்களுக்குப் பரவியது. பின்னாளில் பெருநில மின்கம்பி ஆற்றைத் தாண்டி வந்தபோது அந்தச் சிறு நிலையங்கள் மதிப்பிழந்தன. ஹேவ்லாக்கில் குடியேறியவர்களின் மொழி பேசும் ஊர்கள்தான் அவையும்.

முதலில் எண்ணவேண்டியது மின்விசிறி:

ஒரு சராசரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 20 வகுப்பறைகள், அறைக்கு நான்கு மின்விசிறி, நான்கு குழல்விளக்கு. பழைய விசிறி 75 வாட்; பழைய குழல்விளக்கு அதன் சோக்கோடு சேர்த்து 50 வாட். எல்லாம் ஓடினால் 10 கிலோவாட். இதையே 30 வாட்டில் ஓடும் புதுவகை மோட்டார் விசிறிகளாகவும் 20 வாட் எல்.இ.டி. விளக்குகளாகவும் மாற்றினால் 4 கிலோவாட் போதும். ஆறு கிலோவாட் மிச்சம். நாளைக்கு ஆறு மணி நேரம் பள்ளி நடந்தால் 36 யூனிட். அதாவது சுமார் 10 லிட்டர் டீசல்.

அதே பள்ளியின் கூரையில் 5 கிலோவாட் தகடு வைத்தால், மழைக்காலத்தையும் கணக்கில் கொண்டு, நாளொன்றுக்குச் சராசரியாக 17 யூனிட் கிடைக்கலாம். ஐந்து லிட்டர் டீசல். ஆக, தகட்டைவிட விசிறியே அதிகம் மிச்சம் பிடிக்கிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதற்குத் தகடு வசதியானது. மின்விசிறிக்கு ரிப்பன் கட்ட முடியாது. திட்டங்கள் தகட்டிலேயே தொடங்கித் தகட்டிலேயே முடிவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இந்தக் கணக்கெடுப்புக்கு ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியலும் ஒரு மீட்டரும் போதும். எந்த அறையில் யாரும் இல்லாதபோது விசிறி சுழல்கிறது, எந்த மின்மோட்டார் தேவைக்குமேல் ஓடுகிறது என்பது மாணவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும், அம்பேத்கர் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மையமும் அங்கு உண்டு. பட்டப்படிப்பு மாணவர்கள் வழிகாட்ட, தீவுப் பள்ளி மாணவர்கள் கணக்கெடுக்கலாம். தகட்டில் படியும் உப்பைத் துடைப்பது, துருவைப் பார்ப்பது, தினசரி உற்பத்தியைக் குறிப்பது ஆகியவை அந்தப் பிள்ளைகளால் முடியாத வேலைகள் அல்ல. கூரை ஏறுவதும் மின் இணைப்பைத் தொடுவதும் மட்டும் பயிற்சி பெற்ற ஊழியர் வேலையாக இருக்கவேண்டும். இதில் சமரசம் கூடாது.

சேமித்த பணம் யாருக்கு?

இங்கேதான் முட்டுக்கட்டை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் 2000-ம் ஆண்டில், காற்றாலை மின்சாரம் வாங்குவதற்காக ஒவ்வொரு பருவத்துக்கும் தங்கள் கட்டணத்தில் ஒரு டாலர் கூட்டிக்கொள்ள வாக்களித்தனர். பணமும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் தன் சேமிப்பு 40 லட்சம் ரூபாயும் வங்கிக் கடன் 1.15 கோடி ரூபாயும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்ற வருவாய் ஊராட்சிக்கே வந்தது. அதனால்தான் அந்தக் காற்றாலை பழுதாகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

அரசுப் பள்ளியில் நிலைமை தலைகீழ். அதன் மின்கட்டணத்தை ஓர் அரசுத் துறை இன்னொரு துறைக்குச் செலுத்துகிறது. மாணவர்கள் பாடுபட்டு நாளைக்குப் பத்து லிட்டர் டீசல் மிச்சம் பிடித்தால், லாபம் தில்லிக் கருவூலத்துக்கு. பள்ளிக்கு ஒரு சோதனைக்கூடக் கண்ணாடிக் குடுவைகூடக் கிடைக்காது. கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும்போது கூரையில் விளையும் மின்சாரம் தீவின் கம்பிக்குச் சென்றால் அதற்கான வரவு யார் கணக்கில் ஏறும் என்பதும் இதே கேள்விதான்.

யூனியன் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2015-லும் 2019-லும் விதிகளை வெளியிட்டது. 2024-ல் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில் அந்தமான் போன்ற பகுதிகளின் வீடுகளுக்குப் பெருநிலத்தைவிட 10 விழுக்காடு கூடுதல் மானியம் உண்டு. 3 கிலோவாட்டுக்கு 85,800 ரூபாய். ஆனால் அந்த மானியம் வீடுகளுக்குரியது. பள்ளிகள் 'அரசுக் கட்டடங்கள்' என்ற வேறு தலைப்பில் வருகின்றன. அங்கு மாணவர் என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

சேமிப்பில் ஒரு பங்கைப் பள்ளியின் பெயரில் வரவு வைக்க மின்துறையும் கல்வித்துறையும் ஓர் உத்தரவு வெளியிட்டால் போதும். புதிய சட்டம் தேவையில்லை. பராமரிப்புச் செலவு அதிலிருந்தே வரும்.

யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்தது:

வெளியுறவில் தில்லிக்கு இந்த விஷயம் நன்றாகவே புரிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரியன், காற்று, மின்கலம், டீசல் இணைந்த மின்திட்டம் 2021-ல் ஒரு சீன நிறுவனத்துக்குத் தரப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. சீன நிறுவனம் விலகியது. 2024 மார்ச்சில் இந்தியாவின் 1.1 கோடி டாலர் நன்கொடையில் அதே திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ராமேசுவரத்துக்கு எதிரே சீனர்கள் வருவதைத் தடுக்க எடுத்த முடிவு அது. அதில் தவறில்லை, நெடுந்தீவுத் தமிழர் வீட்டிலும் விளக்கு எரியட்டும்.

அண்டை நாட்டின் மூன்று சிறு தீவுகளுக்குக் காட்டிய அவசரம் சொந்தத் தீவுகளுக்கு ஏன் இல்லை என்று கேட்க அந்தமானுக்கு ஒரே ஒரு உறுப்பினர்தான் இருக்கிறார். தமிழகத்திலிருந்து 39 பேர் இருக்கிறார்கள். அந்தமானில் வாழும் தமிழர்களுக்காக அவர்களில் ஒருவரும் நட்சத்திரக் குறியிடாத வினா ஒன்றை எழுப்பக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஹேவ்லாக் மின்நிலையம் ஆண்டுக்கு எத்தனை லிட்டர் டீசல் எரிக்கிறது? தீவுகளில் எத்தனை அரசுப் பள்ளிகளின் கூரையில் சூரியத் தகடு உள்ளது? அவற்றில் எத்தனை இன்று வேலை செய்கின்றன? இந்த மூன்றையும் ஒரே வினாவில் அடக்கிவிடலாம். மக்களவை விதிப்படி அதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். பதில் எழுத்துமூலமாக அவையில் வைக்கப்படும்.